நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, பள்ளி மதிய உணவுக்கு ஒன்றிய அரசு வகுத்திருக்கும் அளவு தலைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். நூறு பேருக்கு 10 கிலோ அரிசி, 2 கிலோ துவரம் பருப்பு, 5 கிலோ காய், அரை கிலோ எண்ணெய். குழைவாக வர 30 லிட்டர் தண்ணீராவது பிடிக்கும். இதற்கு 60 லிட்டருக்குக் குறைந்த அண்டா வேண்டாம். முக்கால் பாகத்துக்கு மேல் நிறைத்தால் அடி வரை கிளற முடியாது. அதோடு, பொங்கி வழிந்து தீயை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

வெந்து இறங்கும்போது சுமார் 45 கிலோ இருக்கும். ஆளுக்கு 450 கிராம் என்று வகுத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி அள்ளி வைப்பதுதான் முதல் தப்பு. ஆறு வயதுப் பிள்ளை அதில் பாதியைச் சாப்பிட்டாலே அதிகம், மீதி குப்பைக்குப் போகும். பத்து வயதுப் பையனோ தட்டை நீட்டிக்கொண்டு மறுபடி வந்து நிற்பான். தலைக்கு 100 கிராம் அரிசி என்பது சராசரிதான். சின்ன வகுப்புக்கு ஒரு கரண்டி குறைத்துப் போட்டு, கேட்டால் மறுபடி கொடுங்கள். கரண்டியையும் ஒருமுறை தராசில் வைத்து எடை பார்த்துக்கொள்வது நல்லது.

சோறு தனி, சாம்பார் தனி என்ற நாளில் வேறொரு சிக்கல். பருப்பும் காயும் அடியில் தங்கிவிடும். மேலாக மொண்டு ஊற்றினால் முதல் வரிசைக்குப் புளித்தண்ணீர், கடைசி வரிசைக்குக் கெட்டிக் கூட்டு. ஒவ்வொரு முறையும் கரண்டி அடியைத் தொட்டு மேலே வரவேண்டும்.

பருப்பு வேகவில்லை என்ற புகார் பல ஊர்களில் உண்டு. பெரும்பாலும் பழி பருப்பின் மேல் விழுகிறது, காரணமோ வரிசை. புளியோ தக்காளியோ முதலிலேயே போய்விட்டால் அந்தப் புளிப்பில் பருப்பு விறைத்துப்போகும். பருப்பு நசுங்கும் பதம் வந்த பிறகுதான் புளிக்கரைசல் சேர்க்க வேண்டும். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊரில் கொண்டைக்கடலை எவ்வளவு நேரம் கொதித்தாலும் கல்லாகவே நிற்கும். சோடா மாவு போட்டால் வெந்துவிடும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழிந்துவிடும். முந்தின நாள் மாலையே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு வேகவைத்தால் சோடாவுக்கு வேலையில்லை.

அரிசியிலும் ஒரு சங்கதி. செறிவூட்டப்பட்ட அரிசி வந்தால் இதைக் கவனியுங்கள். நூறு மணிக்கு ஒரு மணி வீதம் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணி கலந்திருக்கும். நிறமும் வடிவும் சற்று மாறியிருக்கும், களையும்போது சில மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பயந்து அவற்றைப் பொறுக்கி எறிகிறார்கள். எறிவது எதற்காக அந்த அரிசி வந்ததோ, அதைத்தான். மூன்று நான்கு முறை தேய்த்துக் களைவதும் வீண், ஒருமுறை லேசாக அலசினால் போதும்.

தமிழ்நாட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாகப் பொருளாகவே வந்து இறங்குகின்றன. காய்கறியும் மசாலாவும் அப்படியல்ல, சத்துணவு மையத்தை நடத்தும் அமைப்பாளர் கையில் காசாக வருகிறது. அதனால் விலை ஏறினால் முதலில் சுருங்குவது காய்தான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அண்டாவில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தட்டில் சத்து குறைகிறதா என்று ஆய்வு செய்ய வருகிறவர்கள் அரிசி மூட்டையை எண்ணுவதை விட்டுவிட்டு, அன்றைக்கு வெட்டிய காயை எடை போட்டுப் பார்க்கலாம். பள்ளி வளாகத்தில் நான்கு முருங்கை மரம் இருந்தால் கீரைக்குக் கடைக்குப் போகவேண்டாம். கீரை போடும் நாளில் ஒரு எலுமிச்சையும் பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும்.

முட்டை வந்த கதை படிப்படியானது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது முட்டை கிடையாது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 1998-இல் வாரம் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி 2010-இல் பள்ளி நாளெல்லாம் ஒன்று என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். வந்த முட்டையை வேகவைக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் தூர எறியுங்கள். பச்சைத் தண்ணீரிலேயே முட்டையைப் போட்டு அடுப்பேற்றினால் விரிசல் குறையும். கொதி வந்து பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கிக் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். சூட்டிலேயே கிடந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டும். அது கெடுதல் இல்லை, ஆனால் பிள்ளைகள் ‘கெட்டுப்போச்சு’ என்று தட்டோரத்தில் ஒதுக்கிவிடுவார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. தலைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சிறுதானியமோ. 60 பேருக்கு உப்புமா என்றால் 3 கிலோ ரவை, 13 லிட்டர் தண்ணீர். ரவையைக் கொட்ட ஒருவர், கிளற ஒருவர் என்று இருவர் கட்டாயம் வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் உருண்டை கட்டும், உருண்டைக்குள் மாவு வேகாமல் இருக்கும். பொங்கல் ஆற ஆறக் கெட்டியாகும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் தளரவே இருக்கட்டும். நகரங்களில் பொதுச் சமையல்கூடத்திலிருந்து வண்டியில் வரும் உணவுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே சூடும் முக்கியம். 60 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் கிடக்கும் சோற்றில், வேகவைத்தும் சாகாத கிருமி வித்துகள் முளைத்துப் பெருகும். மறுபடி சூடாக்கினாலும் அவை உண்டாக்கிய நஞ்சு போகாது.

விடியுமுன் சமைப்பதால் விளக்கு போட வேண்டியிருக்கும். விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். ‘உணவில் பல்லி’ என்ற செய்திகளில் பாதி, டியூப்லைட்டை அடுப்புக்கு நேர் மேலே மாட்டியதால் வருவது என்பது என் கணிப்பு. வீட்டுப் பல்லிக்கு விஷம் இல்லை, குடலைக் கெடுக்கும் கிருமி அதனிடம் இருக்கலாம். எப்படியானாலும் அந்த அண்டா உணவைக் கொட்டத்தான் வேண்டும். விளக்கைப் பக்கச் சுவருக்கு மாற்றி, கிளறாத நேரமெல்லாம் மூடி போட்டு வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பள்ளி உணவின் துயரங்களில் ஜூலை 16 என்ற தேதி இரண்டு முறை வருகிறது. 2004-இல் கும்பகோணத்தில் சத்துணவு சமைத்த கூரைக் கொட்டகையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. 2013-இல் பிகாரின் சாப்ரா பக்கத்தில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயால் 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையலறை வகுப்பறையிலிருந்து விலகி, ஓட்டுக்கோ கான்கிரீட்டுக்கோ கீழேதான் இருக்க வேண்டும். பழைய மருந்து டப்பா எதுவும் வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது. ஆசிரியர் ஒருவர் முதலில் ருசி பார்ப்பது சடங்காகிவிட்ட இடங்களில், பரிமாறத் தொடங்கிய பிறகு ஒரு வாய் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பரிமாறுவதற்கு முன்பே சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால்தான் அதற்குப் பொருள்.

காலை உணவு 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குப் போனபோதும் அதன் எல்லை ஐந்தாம் வகுப்புதான். எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளியில் தம்பி சாப்பிட, ஆறாம் வகுப்பு அக்கா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மேல் வகுப்புகளில் 40 பேர் இருந்தால், ஆளுக்கு 75 கிராம் வைத்தாலும் ரவை 3 கிலோ கூடும். கூடவே இன்னொரு அடுப்பும், விடியற்காலை வர இன்னும் ஓர் ஆளும்.