குளிர் இணைவும் எங்கள் கலோரிமானியும்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். வெப்பத்தை அளக்கும் கலோரிமானிப் பரிசோதனைக்கு மலைநாடு கடுமையான இடம். காலையில் ஜன்னல் வழியே மூட்டம் நுழையும், பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். குளிரல் திருத்தம் (சூழலுக்கு இழந்த வெப்பத்தையும் கணக்கில் சேர்ப்பது) இல்லாமல் எழுதிய விடைக்குப் புள்ளி போட எனக்கு மனம் வராது. அணுக்கரு இணைவுப் பாடத்தில், குளிர் இணைவு, அதாவது அறை வெப்பநிலையிலேயே கருக்கள் இணைகின்றன என்ற கூற்று, வெளிவந்த 1989 மார்ச் 23ஆம் திகதிக்கு மாணவரை நான் அழைத்துப் போவதும் இதனால்தான். அதுவும் வெப்பத்தை அளந்து சொன்ன கூற்றே.

கனநீரை (சாதாரண ஐதரசனுக்குப் பதிலாக அதன் கனத்த வகையான டியூட்டீரியம் உள்ள நீர்) பலேடியம் என்ற உலோகத்தாலான கதோட்டு கொண்டு மின்பகுத்தபோது, செலுத்திய சக்தியை விடக் கூடுதலான வெப்பம் வந்தது என்றும் அது அணுக்கரு இணைவு என்றும் இரசாயனவியலாளர்களான ஃபிளைஷ்மனும் பொன்ஸும் அன்று அமெரிக்காவின் யூட்டாவில் அறிவித்தார்கள். கலத்துத் திரவம் சரியாகக் கலக்கப்படவில்லை, வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறியிருக்கலாம் என்று கலிபோர்னியாவின் கல்டெக் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் நேதன் லூயிஸ் மறுத்தார். இந்த இடத்தில் கடைசி வாங்குப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். கலக்கியின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

பிறகு பொறிமுறைக்கு, அதாவது இணைவு எப்படி நடந்திருக்கலாம் என்பதற்கு, வருவோம். இரண்டு டியூட்டீரியக் கருக்களும் நேரேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். பலேடியத்துக்குள் நெருக்கப்பட்டுவிடும் என்று தோன்றலாம். ஆனால் அங்கே அவற்றின் வழக்கமான இடைவெளி சாதாரண டியூட்டீரிய மூலக்கூறில் இருப்பதைவிட அதிகம். எப்படியோ இணைந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். ஏறத்தாழப் பாதித் தடவை ஹீலியம்-3உம் நியூத்திரனும் வர வேண்டும், மறுபாதியில் டிரிட்டியமும் புரோத்தனும். சொல்லப்பட்ட வெப்பத்துக்கு ஈடான நியூத்திரன்கள் வந்திருந்தால் கலத்தின் அருகே நின்றவர்கள் பிழைத்திருக்க முடியாது. இல்லை, ஹீலியம்-4தான் உருவானது என்றால் கூடவே வெளிவர வேண்டிய 23.8 மில்லியன் இலத்திரன்வோல்ற்று காமாக் கதிர் எங்கே?

1965இல் நோபல் பரிசு பெற்ற ஜூலியன் ஷ்விங்கர், உலோகச் சாலகமே (உலோக அணுக்களின் ஒழுங்கான அடுக்கு) அந்தச் சக்தியை அதிர்வாக வாங்கிக்கொள்ளும் என்று வாதிட்டார். கட்டுரைகள் மறுக்கப்பட்டபோது அமெரிக்கப் பௌதிகவியல் சங்கத்திலிருந்தே விலகினார். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆயினும் சாலக அதிர்வு வாங்கக்கூடிய மிகச் சிறிய சக்திப் பங்கான ஓர் அதிர்வுச் சக்திச்சொட்டு இலத்திரன்வோல்ற்றின் நூறில் சில பங்குதான். ஒரே இணைவின் சக்தி கோடிக்கணக்கான சொட்டுகளாக, அதுவும் கருவினத்துக்குரிய கண நேரத்தில், பிரிய வேண்டும். இதற்கு வேறொரு விளக்கம் முன்வைத்த வைடமும் லார்சனும் இணைவையே கைவிட்டார்கள். மேற்பரப்பில் கனத்துப்போன இலத்திரன் புரோத்தனோடு சேர்ந்து மெதுவான நியூத்திரனாகும், அதற்குத் தள்ளுவிசைத் தடை இல்லை என்பது அவர்கள் வழி. அழகான யோசனை. ஆனால் அதற்கு 0.78 மில்லியன் இலத்திரன்வோல்ற்று முதலில் வேண்டும். நியூத்திரன் உறிஞ்சப்படும்போது வரும் காமாவையும் அதே கனத்த இலத்திரன்களே விழுங்க வேண்டும்.

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது மியூவோனில். இலத்திரனைப் போன்றதே ஆயினும் அதைவிட 207 மடங்கு கனமான அந்தத் துணிக்கை கருக்களை நெருங்க இழுத்து, தாழ்ந்த வெப்பநிலையிலேயே இணைக்கிறது. அமெரிக்கப் பௌதிகவியலாளர் லூயிஸ் அல்வரெஸின் குழு 1956இல் இதைக் கண்டது. இங்கே குளிரில் இணைவு உண்மை, பொறிமுறையும் தெளிவு. டியூட்டீரியம் இரண்டு சேரும்போது எதிர்பார்த்த நியூத்திரன்களும் வருகின்றன. பலேடியக் கலத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது கேட்கும் சலுகை எவ்வளவு பெரிது என்பது பிள்ளைகளுக்கு உறைக்கிறது.

“சேர், வெப்பமே நிச்சயமில்லை என்றால் கொள்கைகள் எதற்கு?” என்று ஒரு மாணவி கேட்டாள். எதைத் தேட வேண்டும் என்று சொல்வதற்கு என்றேன். ஹீலியம்-4 உருவாகிறது என்பவர் வெப்பத்துக்கு ஈடான ஹீலியத்தைக் காட்ட வேண்டும். ஆய்வுகூடக் காற்றிலேயே பத்து இலட்சத்தில் ஐந்து பங்குக்குச் சற்று மேல் ஹீலியம் இருக்கிறது. ஒரு வாற்று வெப்பம் ஒரு மணி நேரம் வந்தால் எத்தனை ஹீலியம் அணுக்கள் உருவாக வேண்டும், அத்தனையும் எவ்வளவு காற்று கசிந்தால் உள்ளே வந்துவிடும் என்பதை அடுத்த பாடவேளையில் கரும்பலகையில் கணக்கிட்டோம்.