எச் பிளஸ் எல்

நோய் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி சீரத்தில் உண்டா என்று நிறத்தால் காட்டும் எலிசா சோதனையை முடித்த எங்கள் ஆய்வு மாணவி என்னிடம் கேட்டது இதுதான்: "சார், நெகட்டிவ் குழிகளில் நிறமே இல்லை, பாசிட்டிவ் குழிகள் அடர்ந்து வந்திருக்கின்றன. பிறகு இந்த எலிசா தட்டில் என்ன குறை?" தட்டில் குறை ஒன்றும் இல்லை என்றேன், ஆனால் அட்டவணையின் தலைப்பில் ஐஜிஜி என்னும் ஆன்டிபாடி வகையின் பெயரைப் போடக் கூடாது என்றும் சொன்னேன். அந்தப் பதில் அவருக்கு முரணாகப் பட்டதில் வியப்பில்லை.

டெங்கு ஆன்டிஜென் (ஆன்டிபாடி ஒட்டும் வைரஸ் பொருள்) பூசிய தட்டில் நோயாளியின் சீரத்தை இட்டுக் கழுவியபின் அவர் சேர்த்த செகண்டரி ஆன்டிபாடி, அதாவது ஒட்டிய ஆன்டிபாடியைப் பற்றிக் காட்டிக்கொடுக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, மனித ஐஜிஜிக்கு எதிராக ஆட்டில் உருவாக்கப்பட்டு, எச்ஆர்பி நொதி இணைக்கப்பட்டது. குப்பியின் மேல் எச் பிளஸ் எல் என்றிருந்தது. அதாவது, ஐஜிஜியின் கனமான சங்கிலியோடு இலேசான சங்கிலியையும் அது பற்றும். காப்பா, லாம்டா என்னும் இலேசான சங்கிலிகளோ ஐஜிஎம், ஐஜிஏ என்ற மற்ற ஆன்டிபாடி வகைகளுக்கும் பொது. ஆகவே ஐஜிஎம் மட்டுமே உள்ள சீரமும் அந்த நொதியால் நிறம் மாறும் டிஎம்பி கரைசலை ஊற்றியதும் நீலமாகும், அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும், 450 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் எண் நன்றாகவே வரும். நெகட்டிவ் சீரத்தில் டெங்குவுக்கான எந்த வகை ஆன்டிபாடியும் இல்லை. பாசிட்டிவாக வைத்தது குணமடைந்து நாளான ஒருவரின் சீரம். இரண்டும் ஒழுங்காக நடந்துகொண்டன, ஆனால் ஐஜிஎம் ஒட்டுகிறதா என்று அவற்றிடம் யாரும் கேட்கவில்லை.

வேறு ஆய்வாக இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. டெங்குவின் முதல் தொற்றில் ஐஜிஎம் முந்தி வரும், ஐஜிஜி பிந்தியே எழும். மறுதொற்றில் ஐஜிஜி காய்ச்சலின் தொடக்க நாட்களிலேயே உயர்ந்து நிற்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே அவருடைய ஆய்வேடு என்னும்போது, ஐஜிஎம்மை ஐஜிஜியாக எண்ணிவிட்டால் முதல் தொற்றுக்காரர் மறுதொற்றுப் பட்டியலில் ஏறிவிடுவார். அதனால் நான் பிடிவாதம் பிடித்தது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஐஜிஜியின் கனமான சங்கிலிக்கே உரிய பகுதியான எஃப்சி காமாவை மட்டும் பற்றும் செகண்டரியை வரவழைத்து மறுபடி ஓட்டியபோது, சில சீரங்களில் எண் நன்றாக இறங்கியது, பலவற்றில் அசையவில்லை. சொன்னேன் பார்த்தீர்களா என்பதுபோல நான் நிமிர்ந்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "புதிய குப்பியில் நொதியின் விகிதம் வேறு, நீர்ப்பும் வேறு சார். பழையது ஒவ்வொரு ஐஜிஜியிலும் கூடுதல் இடங்களில் ஒட்டக்கூடியது. எண் இறங்கியதற்கு ஐஜிஎம்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

காரணம் குப்பி என்றால் எல்லாச் சீரத்திலும் இறங்கியிருக்க வேண்டாமா என்று வாதிட்டேன். அடர்ந்த குழிகள் அளவுக்கு மேல் நிறைந்திருந்தால் அங்கே இறக்கம் தெரியாது என்றார். அதுவும் சரிதான். ஐஜிஎம் மட்டும் உள்ள சீரம் ஒன்றை இரண்டு குப்பிகளோடும் ஓட்டிப் பார்ப்பதே முறை. அது எங்களிடம் இல்லை. நோயாளிகளின் சீரமோ, நான் கேட்ட மறு ஓட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்துபோயிருந்தது. முதல் தட்டை மட்டும் வைத்து, தலைப்பை மாற்றி, மிச்சச் சீரத்தைக் காத்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும்; அப்படிச் செய்திருந்தால் ஆய்வேட்டில் மறுதொற்று என்ற சொல்லுக்கே இடமிருந்திருக்காது என்று உடனே மறுப்பும் தோன்றும். அவர் இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் மேலும் எந்தச் செகண்டரி என்று எழுதி ஒப்படைத்தார். எண் இறங்கிய சீரங்களை எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.