ஆஷ் மேல் கோபப்படலாம்

'பனானா ஃபிஷ்' என்கிற மங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், முதல் பாகத்திலேயே ஒரு காட்சி வரும். நியூயார்க் ரவுடிப் பையன்கள் கூடும் ஒரு மதுக்கூடம், அங்கே ஜப்பானிலிருந்து வந்த எய்ஜி, அந்தக் கூட்டத்துக்கே தலைவனான ஆஷைப் பார்த்து, அது நிஜத் துப்பாக்கியா, கொஞ்சம் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்பான். சுற்றி இருப்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஆஷ் எடுத்துக் கொடுத்துவிடுவான். அவ்வளவுதான் காட்சி. ஆனால் இந்த மங்காவின் 19 பாகங்களும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்புகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஷ் பிறந்ததிலிருந்து அவனிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒன்று அவனை எடுத்துக்கொள்ள வந்தவர்கள், அல்லது அவனுக்குப் பயந்தவர்கள். பயமும் இல்லாமல் கணக்கும் இல்லாமல், கேட்டுவிட்டு வாங்கியவன் எய்ஜிதான்.

முடிவு வரைக்கும் பேசப் போகிறேன், அதனால் இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் சிறுவர்கள் மேல் நடக்கும் பாலியல் வன்கொடுமை கதையின் நடு மையத்தில் இருக்கிறது. அதைத் தாங்க முடியாது என்றால் தொடவே வேண்டாம், தப்பே இல்லை.

அகிமி யோஷிதா 1985-இல் தொடங்கி 1994 வரை எழுதி வரைந்த கதை இது. ஷோஜோ இதழில், அதாவது பெண்பிள்ளைகளுக்கான மங்கா இதழில் வந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பக்கத்துக்குப் பக்கம் துப்பாக்கி, போதை மருந்து, மாஃபியா, பிணம். 2018-இல் மாப்பா நிறுவனம் இதை 24 அத்தியாயம் கொண்ட அனிமேயாக, அதாவது அனிமேஷன் தொடராக எடுத்தது. மங்காவில் ஆஷின் அண்ணன் கிரிஃபின் வியட்நாம் போரில் சித்தம் கலங்கித் திரும்பியவன், அனிமேயில் அது இராக் போராக மாறிவிட்டது, எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. மற்றபடி கதை அதேதான். எங்கள் பக்கத்துப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் அனிமேயைத்தான் பார்த்திருப்பார்கள், அமேசான் பிரைமில் இருந்ததால். நான் மங்காவையும் ஆங்கிலத்தில் தேடிப் பிடித்துப் படித்தேன், வெண்ணாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் சந்துகளைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு.

ஆஷுக்குப் பதினேழு வயது, எய்ஜிக்குப் பத்தொன்பது. எய்ஜி கோலூன்றித் தாண்டும் விளையாட்டு வீரன், அடிபட்டு ஓய்ந்து போனவன், இபே என்கிற புகைப்படக்காரருக்கு உதவியாளாக அமெரிக்கா வருகிறான். வந்த சூட்டிலேயே ஆஷோடும் ஸ்கிப் என்கிற சின்னப் பையனோடும் சேர்த்து எதிரிகள் அவனைப் பிடித்து அடைத்துவிட, ஒரு பழைய குழாயை ஊன்றி அந்த உயரமான சுவரைத் தாண்டிவிடுவான். கீழே நின்று ஆஷ் அண்ணாந்து பார்ப்பான் பாருங்கள், அந்தப் பக்கத்தில்தான் எனக்கு இந்த மங்கா பிடித்துப்போனது. ஆஷால் எதையும் சுட முடியும், யாரையும் ஏமாற்ற முடியும், ஆனால் அப்படிப் பறக்க முடியாது.

இத்தனை சாவுகளுக்கு நடுவே இவர்கள் ஒரு வீட்டில் சேர்ந்து இருக்கும் பகுதிகளை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். காலையில் எழுப்பினால் எழுந்திருக்காத ஆஷ், அவன் முன்னால் நாட்டோவை, அந்த நொதித்த சோயா பயறை, சாப்பிடு என்று வைக்கும் எய்ஜி. இரண்டு வயது மூத்தவன் என்பதற்காக எய்ஜியை ஜப்பானிய மொழியில் அண்ணா என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வது. அப்புறம் அந்தப் பூசணிக்காய். மாஃபியாவையே நடுங்க வைப்பவனுக்குப் பூசணிக்காய் என்றால் பயம். (எங்கள் தெருவில் கட்டுகிற வீடு அத்தனையிலும் திருஷ்டிப் பூசணி தொங்கும், ஆஷ் மட்டும் வந்திருந்தால் தெருமுனையிலேயே திரும்பிப் போயிருப்பான்.) இதெல்லாம் கதைக்கு இடையில் வரும் சிரிப்புக்காக வைத்தவை என்று சிலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு என்னவோ இவைதான் கதை. ஒருவன் தன்னிடம் எதையும் எதிர்பார்க்காமல் தன்மேல் அக்கறையாக இருக்கிறான் என்பதை ஆஷ் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறான், அதை அவனே வாய்விட்டும் சொல்கிறான். கூடவே இரு, எப்போதும் என்று கேட்கவில்லை, இப்போதைக்கு மட்டும் என்று ஆஷ் கெஞ்சும் இடத்தில் எய்ஜி சொல்லும் பதில், எப்போதும் இருப்பேன் என்பது.

இது நட்பா காதலா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை, காதல் என்று படிப்பவர்களுக்கும் மங்காவில் இடம் நிறையவே இருக்கிறது. எங்கள் ஊரில் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்த பிறகு, வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் மதகுக் கட்டையில் தோள்மேல் கை போட்டு ராத்திரி வரை உட்கார்ந்திருக்கும் பையன்களை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதுவும் கல்யாண வயது வரைக்கும்தான். அதற்குப் பிறகும் ஒருவனுக்கு இன்னொருவன்தான் முதல் ஆள் என்றால், அப்போது கேள்வி வரும். ஆஷும் எய்ஜியும் அந்தக் கேள்வி வருகிற வயதுக்குப் போகவே இல்லை என்பதால் நாம் வசதியாக எல்லாப் பெயரும் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். மங்கா மேல் எனக்கு இருக்கும் ஒரு வருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம்: இதில் ஆணை விரும்பும் ஆண்கள் என்று வெளிப்படையாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லாருமே கொடுமைக்காரர்கள். அந்தக் காலத்துக் கதை என்று சொல்லி அதைக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். எய்ஜி குண்டடி பட்டு மருத்துவமனையில் கிடக்கிறான். தன்னால்தானே இவனுக்கு இந்த நிலைமை என்று ஆஷ் அவனிடமிருந்து ஒதுங்கிவிடுகிறான். ஜப்பானுக்குக் கிளம்பும் நாளில் எய்ஜி ஒரு கடிதம் எழுதி சிங் என்கிற பையனிடம் கொடுத்தனுப்புகிறான். நீ தனியாள் இல்லை, என் ஆன்மா எப்போதும் உன்னோடுதான் இருக்கிறது என்கிற அர்த்தத்தில் முடியும் கடிதம், உள்ளே ஒரு விமான டிக்கெட். நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கிற ஆஷ் எழுந்து ஓடுகிறான், விமான நிலையத்துக்கு. வெளியே வந்ததும் லாவோ, அந்த சிங்கின் அண்ணன், கத்தியால் குத்திவிடுகிறான். அத்தனை வருடம் முதுகுக்குப் பின்னாலும் கண் வைத்திருந்தவன் அந்த ஒரு நிமிஷம் பார்க்காமல் ஓடினான். பிறகு நூலகத்துக்கே திரும்பிப் போய், கடிதத்தை வைத்துக்கொண்டு மேசையில் தலை சாய்த்து, அப்படியே.

தூங்குகிறான் என்று நினைத்துவிடுகிறார்கள் அங்கே. எங்கள் கிளை நூலகத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பையன்கள் மத்தியானம் புத்தகத்தின் மேலேயே கவிழ்ந்து தூங்குவார்கள், யாரும் எழுப்பமாட்டார்கள், பாவம் என்று விட்டுவிடுவார்கள். அதனால் அந்தக் காட்சி நம்ப முடியவில்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் பள்ளிக்கூட நண்பனுக்கு அனிமேயைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். முடித்துவிட்டு ராத்திரியில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான். "மாப்ள, அவன் ஏன்டா ஆஸ்பத்திரிக்குப் போகல? நடந்து உள்ள போயி உக்கார முடிஞ்சவனால ஒரு ஆளக் கூப்பிட முடியாதா? அவ்வளவு பெரிய ஊர்ல ஆம்புலன்ஸ் வராதா?" அவனுக்கு உண்மையிலேயே கோபம்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் எனக்குத் தெரியும். அத்தனை பேரைக் கொன்றவன் உயிரோடு தப்பிப்பது நியாயமில்லை என்பார்கள். தான் உயிரோடு இருக்கும்வரை எய்ஜிக்கு ஆபத்து என்று நினைத்திருப்பான் என்பார்கள். நிம்மதியாகப் போனான், முகத்தில் சிரிப்பு இருந்ததே என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எனக்குத் தோன்றுவது, அவன் களைத்துப் போயிருந்தான். தேடியதும் கிடைத்துவிட்டது, கையில் கடிதமாகவே இருக்கிறது, இது போதும் என்று முடிவு செய்துவிட்டான். அந்தப் 'போதும்' அவனுடைய கணக்கு. எய்ஜியைக் கேட்கவில்லை. கதை முழுக்கவே அவன் எய்ஜியைக் கேட்காமல்தான் முடிவெடுப்பான், நீ ஊருக்குப் போ, இங்கே இருக்காதே என்று, ஒவ்வொரு தடவையும் எய்ஜி போகமாட்டேன் என்று நிற்பான். கடைசித் தடவை மட்டும் எய்ஜியால் எதிர்த்துப் பேச முடியாத மாதிரி முடிவெடுத்துவிட்டான்.

அதனால் நண்பனின் கோபம் எனக்குச் சரியாகவே பட்டது. அதற்கு நம்மிடம் ரொம்பப் பழைய சாட்சி ஒன்றும் இருக்கிறது, எங்கள் வெண்ணாற்றுக்குத் தாயான காவிரியில். கோப்பெருஞ்சோழன் உறையூரை விட்டு வந்து ஆற்றுக்கு நடுவே மர நிழலில் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து, உயிர் விட்ட கதையில், நாம் எல்லாரும் பிசிராந்தையாரைத்தான் பேசுவோம். முகமே பார்க்காத நண்பன், பாண்டிய நாட்டிலிருந்து வந்து கூடவே செத்தவர். பரீட்சையிலும் அவர்தான் வருவார். ஆனால் அதே கதையில் பொத்தியார் என்று இன்னொரு புலவர் இருக்கிறார். சோழனோடு எப்போதும் இருந்தவர், நானும் கூட வடக்கிருக்கிறேன் என்றவரை, உன் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவர் உறையூருக்குத் திரும்பி வந்து, அரசன் இல்லாத மன்றத்தைப் பார்த்து அழுகிறார். பல வருடம் சோறு ஊட்டி வளர்த்த யானையை இழந்த பாகன் வெறும் கட்டுத்தறியைப் பார்த்து அழுகிற மாதிரி என்று அவரே பாடுகிறார், புறநானூற்றில் 220-ஆவது பாட்டு. அப்புறம் நடுகல் முன்னால் வந்து நின்று, என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போன அன்பில்லாதவனே, எனக்கு எந்த இடம் என்று கேட்கிறார். அன்பில்லாதவனே என்று! உயிருக்கு உயிரான நண்பனை, அதுவும் செத்தவனை.

ஆஷ்-எய்ஜி என்றதும் பிசிராந்தையார் பெயரை இழுப்பவர்களைத் தமிழ் அனிமே கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். இல்லை, எய்ஜி பொத்தியார். பாதுகாப்பாக இரு என்று திருப்பி அனுப்பப்பட்டவன், திரும்பி வரும்போது ஆள் இல்லை. பொத்தியாருக்காவது கல்லான பிறகும் சோழன் இடம் கொடுத்தான் என்று அடுத்த பாட்டு சொல்லிவிடுகிறது, அவரும் போய்ச் சேர்ந்துவிடுகிறார். எய்ஜிக்கு அந்த வசதி இல்லை. அவன் இருந்தாக வேண்டும்.

அவன் எப்படி இருக்கிறான் என்பதற்குத்தான் 'கார்டன் ஆஃப் லைட்' என்கிற பின்கதை, ஏழு வருடம் கழித்து நடப்பது. அனிமே பார்த்தவர்கள் இதைத் தேடிப் பிடித்துப் படியுங்கள், 24 அத்தியாயத்துக்குள் இது இல்லை. எய்ஜி நியூயார்க்கிலேயே புகைப்படக் கலைஞனாக இருக்கிறான், முடி வளர்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு. ஆஷின் படங்களை எடுத்து வைத்துப் பூட்டிவிட்டான், வெளியே காட்டுவதில்லை. ஜப்பானிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை அந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ நகர்கிறது. இது ஆறுதல் தரும் முடிவு என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. எய்ஜி ஆஷைத் திட்டும் ஒரு பக்கமாவது யோஷிதா கொடுத்திருக்கலாம். பொத்தியாருக்குக் கிடைத்த அந்த உரிமை அவனுக்கும் உண்டு. அவனோ கடைசிவரை மென்மையாகவே இருந்துவிடுகிறான்.

அதில் என்னை அதிகம் உலுக்கியது எய்ஜி கூட இல்லை, சிங். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன், குத்தியவன் அவனுடைய அண்ணன், இரண்டையும் சுமந்துகொண்டு எய்ஜியின் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டே இருக்கிறான். மங்காவில் சின்னப் பையனாக வந்தவன் இங்கே எல்லாரையும் விட உயரமாக வளர்ந்து நிற்கிறான். நண்பனுக்கு இந்தப் பின்கதையின் சுட்டியை அனுப்பினேன், ஆஷ் இல்லாத கதை எனக்கு எதுக்கு என்கிறான். சிங்குக்காகப் படி என்று சொல்லியிருக்கிறேன்.