நடக்காததை அளப்பது: ஒவ்வாமை ஆராய்ச்சியில் என் பிஎச்.டி. அனுபவம்

2025 அக்டோபரில் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் மருத்துவ நோபல் அறிவித்ததிலிருந்து, எம்.எஸ்சி. முடிக்கப்போகும் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கா, டி-ரெக் செல்லில் பிஎச்.டி. பண்ணலாமா? எப்படி இருக்கும்?" அதே செல்களை வைத்து, வீட்டுத் தூசி ஒவ்வாமையில், சென்னையில் பிஎச்.டி. முடித்தவள் நான். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாக. நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல். அவற்றில் ஒரு சிறு பகுதியின் வேலை, மற்ற செல்களை அடக்கி வைப்பது. இவைதான் டி-ரெக். அவற்றுக்கு சிடி25 என்ற அடையாளம் உண்டு என்று 1995இல் சகாகுச்சி காட்டினார். 2001இல் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 என்ற ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஜீன் பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற நோய் வருகிறது. கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோய், நிற்காத வயிற்றுப்போக்கு. கூடவே உடம்பெல்லாம் எக்ஸிமா, உணவு ஒவ்வாமை, எகிறிக் கிடக்கும் ஐஜிஇ (ஒவ்வாமையைக் கிளப்பும் ஆன்டிபாடி). என்னை இந்தத் துறைக்கு இழுத்தது இந்தக் கடைசி வரிதான். அடக்கும் செல் இல்லையென்றால் உடல் தன்னையே தாக்குவதோடு நிற்பதில்லை, சாப்பாட்டையும் எதிரியாகப் பார்க்கிறது. அப்படியானால் நம்மில் பெரும்பாலோர் தும்மாமல் இருப்பது சும்மா நடப்பதல்ல. உள்ளே யாரோ வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நெட் தேர்வு, ஜேஆர்எஃப், நேர்முகத் தேர்வு எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுபோலத்தான் எனக்கும் நடந்தது. அதை விட்டுவிடலாம். சேர்ந்ததும் கைடு மேடம் என்னை லேபுக்குள் விடவில்லை, படிக்க வைத்தார். 1970களில் 'சப்ரஸர் டி செல்', அதாவது அடக்கும் டி செல், என்று ஒரு பெரிய துறையே இருந்தது. ஐ-ஜே என்ற ஒரு மூலக்கூறை மையமாக வைத்து நிறைய எழுதினார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்த இடத்து டிஎன்ஏவைப் பார்த்தபோது அப்படி ஒரு ஜீனே அங்கே இல்லை. துறையே சரிந்தது. பல வருடங்களுக்கு 'சப்ரஸர்' என்று சொல்லவே ஆட்கள் தயங்கினார்கள். சகாகுச்சி அந்த வறண்ட காலத்திலும் விடாமல் செய்தவர். இதை மேடம் ஏன் முதலில் படிக்கச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அடக்குதல் என்பது நடக்காத ஒன்று. நடந்ததை அளப்பது சுலபம். நடக்காததை அளக்கும்போது, அது ஏன் நடக்கவில்லை என்பதற்கு நூறு காரணம் இருக்கலாம்.

என் கேள்வி எளிமையானது. சென்னைக் காற்றின் ஈரத்தில் டஸ்ட் மைட், அதாவது கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணி, நன்றாக வளரும். தலையணை, மெத்தை எல்லாவற்றிலும் இருக்கும். அதன் எச்சத்தைத்தான் எல்லாரும் சுவாசிக்கிறோம். சிலருக்கு மட்டும் ஏன் மூக்கு ஒழுகுகிறது? ஒவ்வாமை இல்லாதவர்களின் ரத்தத்திலும் மைட்டை அடையாளம் காணும் டி செல்கள் இருக்கின்றன என்பதை 2004இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் குழு காட்டியிருந்தது. ஒவ்வாமை இல்லாதவர்களிடம் ஐஎல்-10 என்ற, எதிர்ப்பைத் தணிக்கும் புரதத்தைச் சுரந்து அடக்கும் வகை மேலோங்கி இருக்கிறது, அவ்வளவுதான். அதே ஊர்க் குழு தேனீ வளர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறது. சீசன் தொடங்கி முதல் சில கொட்டுகள் வாங்கியதுமே அவர்களுடைய டி செல்கள் ஐஎல்-10 பக்கம் திரும்பிவிடுகின்றன. அதே 2004இல் லண்டன் குழு ஒன்று, புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களின் சிடி25 செல்கள் சரியாக அடக்குவதில்லை, அதுவும் மகரந்த சீசனில் இன்னும் மோசம் என்று சொல்லியிருந்தது. நமக்கு மைட் சீசன் என்று ஒன்று கிடையாது, வருடம் முழுக்க இருக்கிறது. இங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க நினைத்தேன்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி கிடைக்க நாளாகும். அதற்குள் மற்ற வேலைகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் நான்தான் எழுதினேன். 'இதனால் உங்களுக்கு நேரடிப் பலன் ஏதும் இல்லை' என்ற வரி அதில் இருந்தே ஆக வேண்டும். ஓபியில் ஒரு அம்மா, தையல் வேலை செய்பவர், துணித் தூசியில் தும்மியே நொந்துபோனவர், அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"ரத்தம் குடுத்தா என் தும்மல் நிக்குமா பாப்பா?"

"இல்லக்கா. உங்களுக்கு இதுல இப்போ ஒண்ணும் கிடைக்காது."

"சரி, எடுத்துக்கோ. என் பொண்ணுக்கும் இதே தும்மல்தான்."

அப்படிக் கையை நீட்டியவர்களின் ரத்தத்தில் ஒரு துளிகூட வீணாகக்கூடாது என்பது எங்கள் லேபில் எழுதப்படாத சட்டம்.

யார் ஒவ்வாமை உள்ளவர், யார் இல்லாதவர் என்று பிரிக்க முன்கையில் பிரிக் டெஸ்ட், அதாவது சொட்டு வைத்துத் தோலை லேசாகக் குத்திப் பார்ப்பது. மைட் சாறு ஒரு சொட்டு, ஹிஸ்டமின் ஒரு சொட்டு, வெறும் உப்புநீர் ஒரு சொட்டு. பதினைந்து நிமிடம் கழித்துத் தடிப்பை ஸ்கேல் வைத்து அளப்போம். உப்புநீரைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் பாசிட்டிவ். ஹிஸ்டமின் யாருக்கும் தடிப்பு வரவைக்கும் பொருள். அதற்கே தடிக்கவில்லையென்றால் அந்த ஆள் அலர்ஜி மாத்திரை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று பெரும்பாலும் அர்த்தம், சில நாள் கழித்து வரச்சொல்ல வேண்டும். 'ஒவ்வாமை இல்லாதவர்' பட்டியலுக்குப் பக்கத்து லேப் மாணவர்களைக் கூப்பிட்டோம். அவர்களில் சிலர் வாழ்நாளில் தும்மலே அறியாதவர்கள், ஆனால் மைட்டுக்குக் கை தடித்தது. ஐஜிஇ இருக்கிறது, நோய் இல்லை. முதலில் இவர்களை எந்தப் பட்டியலில் போடுவது என்று குழம்பினோம். பிறகு மூன்றாவது குழுவாக வைத்தோம். என் தீசிஸில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இவர்களைப் பற்றியதுதான்.

ரத்தம் வந்த நாளில் மற்ற எதுவும் ஓடாது. உப்புக் கரைசலில் கலந்து, சாய்த்துப் பிடித்த குழாயில் ஃபைக்கால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கை நடுங்கினால் இரண்டும் கலந்துவிடும். சென்ட்ரிஃபியூஜில் பிரேக்கை அணைத்துவிட்டுச் சுற்ற வேண்டும். வெளியே எடுத்தால் மேலே மஞ்சள் பிளாஸ்மா, அடியில் சிவப்பு, நடுவில் மங்கலான வெள்ளை வளையம். அந்த வளையம்தான் நமக்கு வேண்டியது. 20 மில்லி ரத்தத்தில் சுமார் 2 கோடி செல் கிடைக்கும். அதில் சிடி4 என்ற வகை டி செல் மூன்றில் ஒரு பங்கு. அதில் டி-ரெக் நூற்றுக்கு ஐந்துபோல. சார்ட்டரில் (செல்களை வகைவாரியாகப் பிரிக்கும் கருவி) பிரித்து முடிக்கும்போது கையில் மிஞ்சுவது இரண்டு மூன்று லட்சம். அதற்குள் எல்லாச் சோதனையையும் முடிக்க வேண்டும்.

முக்கியமான சோதனை, சப்ரஷன் அஸே: டி-ரெக் மற்ற செல்களை அடக்குகிறதா என்று பார்ப்பது. சாதாரண டி செல்களுக்கு சிஎஃப்எஸ்இ சாயம் ஏற்றித் தூண்டிவிடுவோம். செல் ஒவ்வொரு தரம் இரண்டாகப் பிரியும்போதும் சாயத்தின் ஒளி பாதியாகும். சோதனைத் தட்டின் பக்கத்துக் குழியில் அதே செல்களோடு டி-ரெக்கையும் சேர்ப்போம். அங்கே பிரிதல் குறைந்தால் டி-ரெக் அடக்குகிறது. நான் முதல் நல்ல படத்தை மேடத்திடம் கொண்டுபோன அன்று அவர் சொன்னது இன்றும் என் மேஜையில் ஒட்டியிருக்கிறது: "அடக்குச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, செத்துப்போச்சா, பசியில கிடந்துச்சா, இடமில்லாம நெருக்குச்சான்னு பாத்துட்டு வாம்மா."

சாவைப் பார்க்க லைவ்-டெட் சாயம் போதும். நெருக்கத்துக்கு, டி-ரெக் சேர்த்த அதே எண்ணிக்கையில் சாயமில்லாத சாதாரண டி செல்லைச் சேர்த்து இன்னொரு குழி வைக்க வேண்டும். அங்கேயும் பிரிதல் குறைந்தால் அது கூட்டத்தின் வேலை, டி-ரெக்கின் வேலை இல்லை. பசிதான் சிக்கல். டி-ரெக் அடக்கும் வழிகளில் ஒன்றே டி செல்கள் பெருகத் தேவையான ஐஎல்-2 என்ற புரதத்தைச் சுற்றிலும் தின்று தீர்ப்பது. ஆக, பசி சில நேரம் பிழை, சில நேரம் அதுவே விடை. ஐஎல்-2 கூடுதலாக ஊற்றிய குழிகளையும் வைத்துப் பார்த்துத்தான் எழுத முடிந்தது. கன்ட்ரோல் குழிகள் சோதனைக் குழிகளைவிட அதிகமானால், குறைந்த செல்லில் தட்டை நிரப்பவே முடியாது. எந்தக் கேள்வியை விடுவது என்று ஒவ்வொரு ரத்தத்துக்கும் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் ஆன்டிபாடி பார்சல் ஒன்று வழியில் எங்கோ தேங்கி, ஐஸ் எல்லாம் உருகி வந்து சேர்ந்தது. மாற்று வரும்வரை புதிதாக யாரிடமும் ரத்தம் எடுக்கவில்லை. அந்த மாதங்களில்தான் பகுப்பாய்வுக்கான புள்ளியியலை உருப்படியாகக் கற்றேன்.

கடைசியில் கிடைத்தது இது: டி-ரெக் எண்ணிக்கையில் எங்கள் மூன்று குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மைட் புரதம் கொடுத்துத் தூண்டியபோது அடக்கும் திறனில்தான் வித்தியாசம் தெரிந்தது. கை தடித்தும் தும்மாதவர்கள் அதில் ஆரோக்கியமானவர்கள் பக்கம் நின்றார்கள். எங்கள் ஆட்கள் குறைவு, அதனால் கட்டுரையிலும் அதற்குமேல் பெரிதாகச் சொல்லவில்லை. ரிவ்யூவர் ஒருவர், "மனித செல்லில் சாதாரண டி செல்லைத் தூண்டினாலும் ஃபாக்ஸ்பி3 கொஞ்ச நேரம் தலைகாட்டுமே, இவை உண்மையான டி-ரெக் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டி-ரெக்கில் குறைவாக இருக்கும் சிடி127 என்ற அடையாளத்தை வைத்து, அது குறைவாக உள்ளவற்றைத்தான் பிரித்திருந்தோம். அது போதாதென்று, உறையவைத்திருந்த செல்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஃபாக்ஸ்பி3 ஜீனில் மெத்தில் என்ற வேதிக் குறி நீங்கியிருப்பதைக் காட்டினோம்; உண்மையான டி-ரெக்கின் அடையாளம் அது. மிச்சம் எடுத்து உறையவைக்கும் பழக்கம் அன்று எங்களைக் காப்பாற்றியது.

இப்போது போஸ்ட்டாக் வேலையில், நாக்கின் அடியில் வைக்கும் மைட் மாத்திரை எடுப்பவர்களை, தொடங்கும் முன்பும் பிறகும் பார்த்துவருகிறேன். வர நினைப்பவர்களுக்கு: ஃபுளோ சைட்டோமெட்ரி (சாயமேற்றிய செல்களை ஒளியால் ஒவ்வொன்றாக அளக்கும் முறை) தெரியாமல் வரலாம், உள்ளே வந்து கற்றுக்கொள்ளலாம். சேரும் முன் கைடிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சார்ட்டர் அதே கட்டடத்தில் இருக்கிறதா, எந்த மருத்துவர் நோயாளிகளை அனுப்பப்போகிறார், எதிக்ஸ் அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா. மூன்றுக்கும் தெளிவான பதில் வரவில்லையென்றால் எலி மாதிரியில் செய்யும் லேபைப் பாருங்கள், அங்கேயும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறோம்.