அந்த மேடு எதற்கு?
போயிங் 747 படத்தை எங்கே பார்த்தாலும் அதன் முன்பக்க மேட்டில்தான் என் கண் போய் நிற்கும். அது அழகுக்காக வைத்தது இல்லை.

1960களில், இனி மக்கள் ஒலியைவிட வேகமான விமானங்களில்தான் பறப்பார்கள் என்று பலரும் நம்பினார்கள். அப்படி நடந்தால் 747 சரக்கு விமானமாகப் பிழைக்க வேண்டும். மூக்கையே கதவு மாதிரி மேலே தூக்கிச் சரக்கு ஏற்ற வழி வேண்டுமே! அதனால் விமானிகளின் அறையை மேலே ஏற்றினார்கள். உடலின் அகலத்தையும் 8 அடிப் பெட்டிகள் இரண்டு பக்கம் பக்கமாக நிற்கும்படி கணக்கிட்டார்கள்.

பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் தலைவர் ஹுவான் டிரிப் முதலில் விரும்பியது முழுநீள இரண்டு மாடி. வடிவமைப்புக்குத் தலைமை வகித்த ஜோ சட்டர் குழு அகலமான ஒற்றைத் தளம்தான் சரி என்று நின்றது. ஆபத்தில் எல்லாரும் சீக்கிரம் வெளியேற அதுவே வழி. அந்தப் பிடிவாதத்துக்காகவே சட்டரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம் 747-ஐக் கட்டிய, அமெரிக்காவின் எவரெட் நகரில் இருக்கும் அந்த போயிங் தொழிற்சாலை! கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதே உள்ளே விமான வேலையும் நடந்தது. 1966 ஏப்ரலில் பான் ஆம் 25 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1969 பிப்ரவரி 9 அன்று முதல் விமானம் பறந்துவிட்டது. மூன்றே வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.