ஆர்க்கைவ் செய்தும் மெயில்பாக்ஸ் காலியாகவில்லை

"பழைய மெயிலை எல்லாம் ஆர்க்கைவ் பண்ணிடுங்க சார், இடம் தானா வந்துடும்." எங்கள் அச்சகத்துக்கு மெயில் சேவை தரும் நிறுவனத்தின் உதவி எண்ணில் கிடைத்த ஆலோசனை இது. இல்லாவிட்டால் பெரிய பிளானுக்கு மாறிக்கொள்ளலாமாம். மெயில்பாக்ஸ் நிரம்பி, வாடிக்கையாளர்கள் அனுப்பும் பிடிஎஃப் எல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்த நேரம், வாதாடவா முடியும்? கணினியில் மெயில் பார்க்க நான் வைத்திருக்கும் மென்பொருளான தண்டர்பேர்டில் 2019-க்கு முந்தைய மெயில்களைத் தேர்வு செய்து 'ஏ' விசையைத் தட்டினேன்.

இன்பாக்ஸ் பளிச்சென்று ஆனது. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் கோட்டாவை, அதாவது சர்வரில் நமக்கு ஒதுக்கிய இடத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால் அதே 98 சதவீதம். மறுபடி போன் செய்தேன். "அப்டேட் ஆக டைம் ஆகும் சார்." எத்தனை நாள் காத்திருந்தாலும் ஆகியிருக்காது. என்னுடையது ஐமேப் கணக்கு, மெயில்கள் சர்வரிலேயே இருக்கும் வகை. அதில் ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டர் உருவாவதே அதே சர்வரில்தான். கூடத்தில் கிடந்த மூட்டையை அதே வீட்டுப் பரணில் ஏற்றிய கதை. இது உதவி எண்ணில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா என்ன?

வழி தண்டர்பேர்டிலேயே இருக்கிறது: அக்கவுன்ட் செட்டிங்ஸ், காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ். அங்கே ஆர்க்கைவ் சேரும் இடத்தை லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று மாற்றினால் இனி வருவது நம் கணினிக்கே வரும். ஆண்டுவாரியாக அதுவே பிரித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே சர்வரில் ஆர்க்கைவ் ஆனதைத்தான் கையால் கொண்டுவர வேண்டும். மெயில்களை மொத்தமாக இழுத்துப் போடாதீர்கள். நடுவில் நெட் போனால் எது வந்தது, எது வரவில்லை என்று வயிறு கலங்கும். ஓர் ஆண்டை எடுத்து, ரைட் கிளிக்கில் லோக்கல் ஃபோல்டர்ஸுக்குக் காப்பி கொடுங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, பெரிய அட்டாச்மென்ட் ஒன்றிரண்டு திறக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சர்வரில் அழியுங்கள். அழித்ததும் ட்ராஷுக்குத்தான் போகும், அதுவும் கோட்டாவில் சேரும். ட்ராஷைக் காலி செய்து, ஃபோல்டரைக் காம்பாக்ட் செய்த (அழித்ததன் மிச்சத்தை முழுதாக நீக்கிய) பிறகே எண் இறங்கியது. 40-க்குக் கீழே! பெரிய பிளானுக்குக் கட்டவிருந்த பணம் மிச்சம்.

இப்போது பழைய மெயிலுக்கு இருக்கும் ஒரே பிரதி என் கணினியில். பென்டிரைவில் போட்டு வைக்கலாம் என்றால் 2017-ஆம் ஆண்டு ஃபோல்டரின் ஃபைல் மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "டிரைவ் போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்றார். டிரைவுக்கு ஒன்றுமில்லை. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில்கள் அத்தனையையும் ஒரே ஃபைலில் வைக்கிறது. பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. அதிலிருந்ததை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தேன், ஏறியது.

ஒரு விஷயம். அந்த ஃபைலின் பெயர் வெறும் '2017' என்றிருக்கும், பின்னால் ஒட்டு எதுவும் இருக்காது. பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடிவது வெறும் இன்டெக்ஸ். அதை மட்டும் காப்பி எடுத்தால் ஒரு மெயில்கூடத் தேறாது. எடுக்கும்போது தண்டர்பேர்டை மூடிவிடுங்கள்.