பூவல் கரையில் கூடாரம்

2025 ஜூலை 24, வியாழன்

நாளை காலை மச்சானும் நானும் திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே புறப்படுகிறோம். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி எல்லாம் தாண்டி, திரியாய்க்கு முன்னால் கடல்பக்கம் இறங்க வேண்டும். அங்கே விடுதி இல்லை, கட்டணம் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. கரைவலை இழுக்க அங்கே வாடி (மீனவர் குடில்) போட்டிருக்கும், நாங்கள் நானா (அண்ணன்) என்று கூப்பிடுபவரிடம் போனில் கேட்டுச் சம்மதம் வாங்கியாயிற்று. இன்று ஆடி அமாவாசை. வரும் இரவுகளில் பிறை சீக்கிரமே மறைந்துவிடும், அதற்காகவே இந்த நாட்களைத் தெரிந்தெடுத்தோம்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்து, கழுவுவதற்கும் சேர்த்து, 20 லீட்டர் கான்கள் மூன்றை ஏற்றிவிட்டோம்.

ஜூலை 25, வெள்ளி

தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று முகத்தைச் சுடுகிறது. எங்கள் பக்கத்தில் மழை பெரும்பாலும் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியோடு போய்விடும். இப்போது புல் வைக்கோல் நிறம். பாலை, வீரை மரங்கள் மட்டும் கரும்பச்சையாக நிற்கின்றன. மணலில் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரக் கடல் குளம்போலக் கிடக்கிறது.

கூடாரத்தின் முளை இந்த மணலில் நிற்காது. உரப்பைகளில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்தோம். அதற்குப் பிறகு அசையவில்லை. காட்டோரம் நிழல் நன்றாக இருந்தும் அங்கே போடவில்லை. பாலைப்பழக் காலத்தில் கரடி வரும், இரவில் யானையும் நடமாடும்.

எனக்கு இந்த இடத்தில் பெரிய அதிசயம் நானாவின் பூவல், அதாவது மணலில் தோண்டிய ஆழமில்லாத கிணறு. மணல்மேட்டுக்குப் பின்னால் அடி கழற்றிய பீப்பா ஒன்றை மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள். குனிந்து கையால் எட்டும் ஆழத்தில் தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இது நல்ல தண்ணீர். மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதுதான் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பை அது தள்ளிப் பிடித்திருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அப்படியானால் மேலே 1 அடி குறையும்போது கீழே எவ்வளவு உப்பு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்!

நானாவுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. "காலையில நாலு வாளி, பின்னேரம் நாலு வாளி, தம்பி. அதுக்கு மேல அள்ளினா உவராப் போயிடும்." வாடியில் இருக்கும் அத்தனை பேரும் அதற்குள்தான் சமாளிக்கிறார்கள். எங்கள் கான்களை அவருக்குக் காட்டி, பூவலைத் தொட மாட்டோம் என்று சொன்னேன். சிரித்தார். பிளேன்டீ தந்தார், அதுவும் பூவல் தண்ணீரில்.

ஜூலை 26, சனி

நேற்றிரவு வானத்தைப் பார்த்தபடியே மணலில் கிடந்தோம். தெற்கே தேள் நட்சத்திரக் கூட்டம் முழு உருவத்தோடு, வால் வளைவு வரைக்கும் தெரிந்தது. வடக்கே கடல் விளிம்புக்கு மேல், நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்தில் துருவ நட்சத்திரம். நாம் வட அகலாங்கு 9 பாகைக்குக் கிட்ட இருப்பதால் அதுவும் ஏறக்குறைய 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். பட்டணத்தில் ஒரு மதில் போதும், மறைந்துவிடும். விடியுமுன் கிழக்கில் விடிவெள்ளி, அதற்குக் கீழே வியாழன்.

காலையில் கரைவலை இழுக்க நாங்களும் கை கொடுத்தோம். சூடை மீன் நிறைய. எங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. காற்று அடங்கிய பிறகு ஈரமணலில் குழி வெட்டி, கடல் ஒதுக்கிய விறகில் சமைத்தோம். இந்த வறட்சியில் புல்லுக்கு அருகே நெருப்பு மூட்டவே கூடாது.

ஜூலை 27, ஞாயிறு

மனம் சரியில்லை. நேற்றுப் பின்னேரம் வான் வண்டியில் ஒரு கூட்டம் வந்தது. கடலில் குளித்துவிட்டு, உப்புப் போக, பூவலில் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். சவர்க்காரமும் போட்டார்கள். மச்சான் போய்ச் சொல்லுமுன் பீப்பாவின் அடிமணல் தெரிந்துவிட்டது. காலையில் நானா ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். லேசான உவர்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அது வீட்டு அடுப்படித் தண்ணீர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லைதான். ஆனால் வந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. "கொஞ்ச நாள் அள்ளாம விட்டா தெளிஞ்சு வரும்" என்றார் நானா. அதுவரை வாடிக்குத் தண்ணீர் குச்சவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வர வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

திறக்காத கான் ஒன்றை வாடியில் கொடுத்தோம். குப்பையெல்லாம் எங்களோடு வண்டியில். புறப்படுமுன், கரை ஒதுங்கிய பலகை ஒன்றில் "குடிதண்ணீர். குளிக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பூவலுக்கு அருகே நட்டோம். நானாவின் மகன்தான் எழுத்தைக் கரியால் இரண்டாம் முறை தடிப்பாக்கினான்.

ஓகஸ்டில் அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து கான்களைத் திருகோணமலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வாடியில் கேட்டுவிட்டுக் கூடாரம் போடுங்கள். மலசலத்துக்குக் குழி வெட்டுவதானால் பூவலிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய் வெட்டி மூடுங்கள். அந்த மணலில் ஊற்றுவது எல்லாம் நேரே அந்தத் தண்ணீருக்குத்தான் இறங்குகிறது.